‘தாத்தா வீடு’ வாட்ஸ்அப் குழுவில் பாப்பாவின் காலேஜ் பேச்சு

ஞாயிறு, காலை 7:05

பெரியப்பா: [படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

தாத்தா: வணக்கம்

அப்பா: எல்லோருக்கும் ஒரு விஷயம். பாப்பாவுக்குச் சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் போல இருக்கிறது. நேற்று ராத்திரி ஒருவர் போன் செய்தார். இன்று இரவுக்குள் 50,000 கட்டினால் சீட்டைப் பிடித்து வைத்துவிடுவார்களாம். கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: 👏👏👏 கட்டிடு தம்பி. யோசித்துக்கொண்டே இருந்தால் சீட் போய்விடும்.

மதுரை அத்தை: யார் அந்த ஒருவர்?

அப்பா: அட்மிஷன் கன்சல்டன்ட்டாம் அக்கா. பாப்பாவின் மார்க்கை எல்லாம் நாம் சொல்லாமலே சரியாகச் சொன்னார்.

மதுரை அத்தை: அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை தம்பி. நம்பரும் மார்க்கும் அவர் கைக்கு எப்படிப் போனது?

மதுரை மாமா: பணத்தை எங்கே கட்டச் சொன்னார் மாப்பிள்ளை?

அப்பா: ஒரு ஜிபே நம்பர் அனுப்பியிருக்கிறார் அத்தான்.

மதுரை மாமா: காலேஜ் பெயரிலா, அந்த ஆள் பெயரிலா?

அப்பா: அவர் பெயரில்தான் வருகிறது.

மதுரை மாமா: அப்படியென்றால் ஒரு ரூபாய் கூட அனுப்ப வேண்டாம். 31 வருஷம் பேங்கில் இருந்தவன் சொல்கிறேன். காலேஜின் கணக்கில் கட்டி, காலேஜ் ரசீது கையில் இருந்தால், கடைசித் தேதிக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உயர்கல்வியைக் கண்காணிக்கும் யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. அமைப்புகளின் விதி இருக்கிறது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. தனி ஆளுக்கு அனுப்பிய பணத்துக்கு எந்த விதியும் வந்து நிற்காது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதற்குத் தமிழ்நாட்டில் 1992லேயே தடைச் சட்டம் வந்தாச்சு.

அம்மா: நானும் இதைத்தான் ராத்திரி முழுவதும் சொன்னேன் அண்ணா. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

காலை 7:40

மதுரை அத்தை: பாப்பா, கட் ஆஃப் எவ்வளவு வருகிறது?

நான்: 183.5 அத்தை. கணக்கு 94, இயற்பியல் 88, வேதியியல் 91.

பெரியப்பா: மொத்த மார்க் எவ்வளவு? அதைச் சொல்லு.

மதுரை அத்தை: அரசு நடத்தும் இஞ்சினியரிங் கவுன்சலிங்கில் மொத்தம் பார்க்க மாட்டார்கள் அண்ணே. கணக்கு அப்படியே நூற்றுக்கு. மற்ற இரண்டும் ஐம்பது ஐம்பதாகக் குறையும். எல்லாம் சேர்த்து 200க்கு. தமிழ், ஆங்கிலம் எல்லாம் பாஸ் ஆனால் போதும்.

தாத்தா: தமிழில் எவ்வளவு

நான்: 97 தாத்தா

தாத்தா: அது போதும்

மதுரை மாமா: சரி, அந்தச் சென்னைக் கணக்குக்கு வருவோம். வருஷத்துக்கு எவ்வளவு சொன்னார்?

அப்பா: ஃபீஸ் மூன்றரை லட்சம். ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1 லட்சத்து 40 ஆயிரம்.

மதுரை மாமா: நாலு வருஷத்துக்கு 19 லட்சத்து 60 ஆயிரம். லேப்டாப், ஊருக்கு வந்து போவது, பரீட்சை ஃபீஸ் இதில் இல்லை. வருஷா வருஷம் ஃபீஸ் ஏறுமா என்று கேட்டீர்களா?

அப்பா: கேட்கவில்லை.

மதுரை மாமா: பணத்துக்கு வழி?

அப்பா: பைபாஸ் பக்கம் இருக்கிற வீட்டுமனைப் பிளாட்டை விற்றால் பாதி வரும். மீதி 10 லட்சம் எஜுகேஷன் லோன்.

தாத்தா: அந்த பிளாட் பாப்பா கல்யாணத்துக்கு

சென்னை அக்கா: படிக்கவும் அந்த பிளாட், கல்யாணத்துக்கும் அந்த பிளாட்டா தாத்தா 😄 எத்தனை சென்ட் அது?

தாத்தா: மூன்றே கால்

மதுரை மாமா: பெரிதாக டைப் செய்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். எஜுகேஷன் லோன் 4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், நம் பங்கென்று முன்பணமும் வேண்டாம். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் மாதிரி ஏதாவது கேட்பார்கள். படிக்கும்போதும், முடித்து ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளே ஓட ஆரம்பித்துவிடும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வீதம் 10 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிவட்டியாகப் போட்டாலே தவணை தொடங்கும் நாளில் அது பதின்மூன்றரை லட்சம். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800. பதினைந்து வருஷம் என்றால் 14,500. பாப்பாவுக்கு அப்போது 37 வயது.

அம்மா: ஐயோ

மதுரை மாமா: இன்னொன்று. குடும்ப வருமானம் வருஷம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தத் தவணை இல்லாத காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கிற திட்டம் இருக்கிறது. தாசில்தார் வருமானச் சான்றிதழ் வேண்டும், காலேஜும் அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். காலேஜே நேரடியாகத் தரும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் என்றாலே பேங்கில் தயங்குவார்கள். கவுன்சலிங் சீட் என்றால் இந்தக் கேள்வியே வராது.

சென்னை அக்கா: என் கதையையும் சொல்கிறேன் சித்தப்பா. நான் கவுன்சலிங்கில்தான் சேர்ந்தேன். வருஷத்துக்கு 75,000 வீதம் 3 லட்சம்தான் லோன். கட்ட ஆரம்பித்தபோது 4 லட்சத்து 5 ஆயிரமாக நின்றது. இப்போது ஏழு வருஷத்துக்கு மாதம் 6,700. முதல் சம்பளம் கையில் வந்தது 24,000. சிறுசேரிப் பக்கம் ரூம் வாடகையில் என் பங்கு 7,000. மிச்சத்தில் சாப்பாடு, பஸ், ரீசார்ஜ். வீட்டுக்கு அனுப்ப எதுவும் நிற்கவில்லை. அப்பாவிடம் இதை நான் அப்போது சொல்லவில்லை.

பெரியப்பா: ஏன்மா சொல்லவில்லை

சென்னை அக்கா: நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் அப்பா? ஆட்டோ டெபிட் ஐந்தாம் தேதி போய்விடும். ஒரு மாதம் தவறினாலும் சிபில் ஸ்கோரில் விழும். 17,800 என்றால் நான் சென்னையில் இருந்திருக்கவே முடியாது.

காலை 8:20

சித்தி: மதினி, இதில் ஒரு சந்தேகம். என் பையன் பத்தாவதில் 431 எடுத்திருக்கிறான். பதினொன்றாம் வகுப்புக்குப் பிரைவேட்டில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். அவனுக்கும் இதே கட் ஆஃப் கணக்குதானே?

மதுரை அத்தை: அவன் ஆறாவதிலிருந்து எங்கே படிக்கிறான்?

சித்தி: கவர்ன்மென்ட் ஸ்கூல்தான். மூன்றாம் வகுப்பிலிருந்தே அங்கேதான்.

மதுரை அத்தை: மாற்றாதே! டி.சி. வாங்கிவிட்டாயா?

சித்தி: வெள்ளிக்கிழமை போனேன். ஹெச்.எம். லீவில் இருந்தார்.

மதுரை அத்தை: நல்லவேளை. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020ல் வந்தது, இஞ்சினியரிங், சட்டம், வேளாண்மை எல்லாவற்றுக்கும் 2021ல் வந்தது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. நடுவில் ஒரு வருஷம் பிரைவேட்டில் படித்தாலும் போச்சு. அது தவிர ‘தமிழ்ப் புதல்வன்’ என்று மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கு வரும். பெண் பிள்ளைகளுக்குப் ‘புதுமைப் பெண்’. நீ பிரைவேட்டுக்குக் கட்டப்போகிற பணத்தில் பாதியை டியூஷனுக்குக் கொடு, மீதியை வைத்துக்கொள்.

சித்தி: அங்கே கெமிஸ்ட்ரி டீச்சர் இல்லை என்கிறார்கள் மதினி.

மதுரை அத்தை: அது உண்மையாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை போய் நேரில் கேள். இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றலாம். அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போனால் எதுவும் கெடாது.

அப்பா: பாப்பாவையும் மெட்ரிக்கில் போடாமல் இருந்திருக்கலாம்.

மதுரை அத்தை: அது முடிந்த கதை தம்பி.

தாத்தா: முதல் பட்டதாரி சலுகை உண்டே பாப்பாவுக்கு வாங்கலாமா

அப்பா: ஆமாம்! நான் ஐ.டி.ஐ.தானே. அந்தச் சலுகையில் எவ்வளவு குறையும் அக்கா?

மதுரை அத்தை: தனியார் காலேஜ் கவுன்சலிங் சீட்டில் வருஷம் 25,000. ஆனால் உன் வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறாரே.

அப்பா: யார்?

அம்மா: நான்தான். தபாலில் பி.ஏ. வரலாறு, மதுரை காமராசர் பல்கலைக்கழகம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் முடித்தேன். சர்டிஃபிகேட் பீரோவில் இருக்கிறது.

சித்தி: 😂😂😂

அப்பா: தபாலில் படித்ததும் கணக்கா?

மதுரை அத்தை: பட்டம் பட்டம்தான். சொல்லாமல் விட்டு வாங்கினால் பின்னால் பாப்பாவுக்குத்தான் சிக்கல்.

காலை 9:10

மதுரை மாமா: கவுன்சலிங்கில் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். தனியார் காலேஜ்களில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017ல் நிர்ணயித்த கல்விக் கட்டணம் வருஷம் 50,000, அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட்டுக்கு 85,000, 87,000. இதற்கு மேல் பஸ், பரீட்சை, டிரெய்னிங் என்று ஏதாவது சேர்ப்பார்கள். அரசுக் காலேஜில் இதைவிட எவ்வளவோ குறைவு.

பெரியப்பா: அதெல்லாம் சரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? அதுதானே வேலை தருகிறது. இப்போது ஏ.ஐ. காலம்.

அம்மா: பாப்பா என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று காலையிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

மதுரை அத்தை: சரியாகச் சொன்னாய். பாப்பா?

நான்: எனக்கு இ.இ.இ. அத்தை, அதாவது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டர் பிடிக்காது என்றில்லை. கரண்ட், மோட்டார், காற்றாலை இதெல்லாம்தான் பிடிக்கும். கயத்தாறில் ஒரு காற்றாலைக்குக் கீழே நின்று பார்த்ததிலிருந்து.

பெரியப்பா: பொம்பளைப் பிள்ளை காற்றாலை மேலே ஏறுமா?

சென்னை அக்கா: அப்பா!! எங்கள் ஆபீஸில் எங்கள் டீம் லீடர் அக்கா இ.இ.இ. படித்தவர். ஐ.டி. கம்பெனிகள் எல்லாப் பிரிவிலிருந்தும்தான் ஆள் எடுக்கின்றன. ஆனால் பாப்பா, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மின்துறைக் கம்பெனிகள் கேம்பஸுக்கு வருவது குறைவு. முதல் சம்பளமும் குறைவாக இருக்கலாம். அந்தப் பக்கமே போக வேண்டும் என்றால் கேட் நுழைவுத் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு என்று தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். அதற்குத் தயாரா?

நான்: தயார்தான் அக்கா. கடன் இல்லாமல் இருந்தால்.

அப்பா: 183.5க்கு எங்கே கிடைக்கும்?

மதுரை அத்தை: கவுன்சலிங் இணையதளத்திலேயே போன வருஷங்களில் எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எந்த மார்க்கில் முடிந்தது என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் பாப்பாவுடன் உட்கார்ந்து பார்க்கிறேன். மதுரையில் தியாகராஜர், காரைக்குடியில் அழகப்பா, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி, இந்த மூன்றையும் முதலில் எழுதி வை பாப்பா. அப்புறம் நம் ஊர் கோவில்பட்டியில் இருக்கிற நேஷனல் இஞ்சினியரிங் காலேஜ்.

அம்மா: நேஷனல் என்றால் வீட்டிலிருந்தே போய் வரலாம். ஹாஸ்டல் காசு மிச்சம்.

நான்: அம்மா நான் ஹாஸ்டலில் இருக்க வேண்டும் 😭

அம்மா: திருநெல்வேலி கிடைத்தால் இரு. அதற்கு உழைத்திருக்க வேண்டும்.

தாத்தா: திருநெல்வேலிக்கு ரயில் இருக்கே தினம் போய் வரலாம்

நான்: தாத்தா நீங்களுமா

மதுரை அத்தை: சாய்ஸ் நிரப்பும்போது ஒன்று கவனி. இவ்வளவுதான் போடலாம் என்று வரம்பு கிடையாது. ‘இது எப்படியும் கிடைக்கும்’ என்று ஒன்றைத் தூக்கி மேலே வைக்காதே. கம்ப்யூட்டர் உன் வரிசையை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தந்துவிடும். மேலே வைத்தது கிடைத்தால் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆசைப்படும் வரிசையில் போடு, கீழே பாதுகாப்புக்கு நிறையப் போடு. என்னிடம் படித்த பள்ளிப் பெண் ஒருத்தி நாலே நாலு காலேஜ் போட்டுவிட்டு அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காமல் அழுதாள். அப்புறம் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். இதை ஏற்கிறேன், அல்லது ஏற்கிறேன் ஆனால் மேலே இருப்பது காலியானால் அதற்குப் போகிறேன், இப்படி. பேசாமல் இருந்தால் இடம் போய்விடும்.

மதுரை மாமா: அரசுக் கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஐம்பது ரூபாய் சமாச்சாரம்.

காலை 10:25

அப்பா: அந்த ஆள் மறுபடி போன் செய்தார். இன்னும் மூன்று சீட்தான் இருக்கிறதாம்.

சென்னை அக்கா: காலையில் எத்தனை இருந்ததாம் சித்தப்பா?

அப்பா: அது சொல்லவில்லை. காலேஜ் கணக்கில் கட்டுகிறேன், ரசீது தருவீர்களா என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மதுரை மாமா: 👍

அப்பா: ஆனால் அத்தான், நான் சென்னையை முழுதாக விட்டுவிடவில்லை. கவுன்சலிங்கில் நல்லதாக எதுவும் அமையாவிட்டால் காலேஜுக்கே நேரில் போய்க் கேட்போம். பிள்ளைக்கு நான் எதுவும் குறை வைத்ததாக இருக்கக் கூடாது.

மதுரை மாமா: நேரில் போவோம் மாப்பிள்ளை, நானும் வருகிறேன். பிளாட்டை மட்டும் இப்போது யாரிடமும் பேசாதீர்கள்.

தாத்தா: பத்திரம் என்னிடம்தான் இருக்கு

மதுரை அத்தை: கவுன்சலிங் பதிவை நாளைக்கே முடித்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் 500. சாதிச் சான்றிதழ் ஆன்லைனில் வாங்கியதா, பழைய அட்டையா?

அம்மா: பழைய அட்டைதான் மதினி.

மதுரை அத்தை: அப்படியென்றால் முதல் வேலை இ-சேவை மையம். வருமானச் சான்றிதழுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடு.

அம்மா: கடையை யார் பார்ப்பது?

அப்பா: நாளைக்குக் காலையில் நான் போகிறேன். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்து வை. உன் பி.ஏ. சர்டிஃபிகேட்டையும் எடு, ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பெரியப்பா: [படம்: வெந்தயத் தண்ணீரின் 10 நன்மைகள்]