இழை: 'ஃபெயில்-சேஃப்' – தொடர்களில் வரும் ரயில் விபத்தும் நமக்குத் தேவைப்படும் சொல்லும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடரில் ரயில் விபத்து என்றால் முக்கால்வாசி ஒரே காட்சிதான். வில்லன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இறங்கி பிரேக் குழாயை அறுப்பான். வண்டி தறிகெட்டு ஓடும். நிஜத்தில் குழாயை அறுத்தால் வண்டி நின்றுவிடும். நம் வண்டிகளின் பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும். பிரேக்கைப் பிடிக்காமல் வைத்திருப்பதே அந்த அழுத்தம்தான். அது சட்டென இறங்கினால், பெட்டிக்கு அடியிலுள்ள டிஸ்ட்ரிப்யூட்டர் வால்வு, அங்கேயே துணைத்தொட்டியில் சேமித்திருக்கும் காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திறந்துவிடும்; பிரேக் பிடித்துக்கொள்ளும்.

இதை எழுதும்போது 'ஃபெயில்-சேஃப்' என்பதற்குச் சொல் இடிக்கிறது. 'பழுதுறாத' என்று எழுதுவது நேர் எதிர்ப்பொருள். பழுது வரும், வந்தால் ஆபத்தில்லாத பக்கம் சாயும் என்பதே கருத்து. 'பழுதில்காப்பு' சரியா?

---

> 'பழுதில்காப்பு' சரியா?

வேண்டாம் ஐயா. அந்த 'இல்' ஏழாம் வேற்றுமையா, இன்மையா? 'குறையில் வாழ்வு' படித்துப் பழகியவர் பழுதே இல்லாத காப்பு என்றுதான் கொள்வார். 'பழுதுறுகாப்பு' இன்னும் மோசம். வினைத்தொகையாக விரித்தால் பழுதடைகிற காப்பு. 'வீழ்காப்பு' கட்டட வேலையாள் மாட்டும் வாருக்குத்தான் பொருந்தும்.

நிபந்தனை வெளியே தெரியட்டும்: 'பழுதுறின் காப்பு'.

---

'பழுதுறின் காப்பு' எனக்கும் சம்மதம். ஆனால் விளக்கத்தில் அதன் எல்லையையும் சொல்லாவிட்டால் நாமும் தொடர்க்காரர்களைப் போல எதிர்ப்பக்கம் பிழை செய்வோம். பிரேக் போகவே போகாது என்றில்லை, குழாய் அறுந்ததால் போவதில்லை, அவ்வளவுதான்.

நிஜத்தில் வினையாவது ஆங்கிள் காக். ஒவ்வொரு பெட்டியின் இரு முனையிலும், அடுத்த பெட்டியோடு இணைக்கும் ரப்பர் குழாய்க்கு (ஓஸ்) முன்னால் இருக்கும், பிரேக் குழாயைத் திறந்து மூடும் சின்னக் கைப்பிடி வால்வு. நடுவில் ஒன்று மூடிக்கொண்டால் பின்பக்கக் குழாயில் அழுத்தம் அப்படியே நிற்கும். ஓட்டுநர் முன்னால் எவ்வளவு இறக்கினாலும் பின்பெட்டிகளுக்குச் சேதி போகாது. அவற்றைப் பொறுத்தவரை பழுது என்று ஒன்று நடக்கவே இல்லை. 1953 ஜனவரி 15 அன்று பாஸ்டனிலிருந்து வாஷிங்டன் வந்த ஃபெடரல் எக்ஸ்பிரஸில் மூன்றாம் பெட்டியின் பின்முனைக் காக் மூடியிருந்தது. எஞ்சின் யூனியன் ஸ்டேஷன் கூடத்துக்குள் பாய்ந்து, தளம் உடைந்து கீழே இறங்கியது. பயணிகள் யாரும் சாகவில்லை. இதைக் கதையாக எழுதிக் கொடுத்தால் எந்தத் தயாரிப்பாளரும் நம்பமாட்டார். 1988 ஜூன் 27 அன்று பாரிஸ் கார் த லியோன் ரயில் நிலையத்தில் 56 பேர் இறந்ததற்கும் மூல காரணம் மூடிய காக்தான்.

அதனால்தான் பெட்டி கோத்ததும் தொடர்ச்சிச் சோதனை செய்கிறார்கள். ஓட்டுநர் அழுத்தத்தை இறக்குவார். கடைசிப் பெட்டியின் அழுத்தமானியும் இறங்க வேண்டும், அங்கே பிரேக் பிடிக்கவும் வேண்டும். முன்மானியை மட்டும் பார்த்துப் புறப்படக் கூடாது.

இரண்டாவது எல்லை, கசிவு. எஞ்சின் அணைந்தால் காற்று நிரப்ப ஆளில்லை. குழாயில் மெல்லக் கசிவதை வால்வு கவனிக்காமலும் போகலாம், பிடித்த பிரேக்கும் நேரமானால் தளரும். கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று எண்ணெய் வண்டி உருண்டு 47 பேர் இறந்தது, எஞ்சினை அணைத்தபின் காற்று இறங்கியதாலும் கைபிரேக் போதிய பெட்டிகளில் போடாததாலும்தான்.

---

நல்லது. சிக்னலுக்கும் சொல் பொருந்துகிறதா என்று பார்த்தேன்: மின்சாரம் போனால் ரிலேயின் (மின்காந்தச் சுவிட்ச்) அசையும் பகுதி தன் எடையால் விழுந்து பச்சைக்கான சுற்று அறுகிறது. பொருந்துகிறது. பதிவு இப்படி இருக்கலாம்:

பழுதுறின் காப்பு – ஓர் அமைப்பில் முன்கூட்டியே எதிர்பார்த்த வகைப் பழுது நேர்ந்தால், ஆள் தலையிடாமலே அது ஆபத்து குறைந்த நிலைக்குச் செல்லும்படி வடிவமைத்தல். எ-டு: குழாய் அறுந்தால் பிடிக்கும் ரயில் பிரேக். மூடிய ஆங்கிள் காக் இதில் அடங்காது.

ஆங்கிள் காக்குக்கு 'முனையடைப்பான்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அதற்குத் தனி இழை தொடங்குவோம். பணிமனையில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.