256, 512: காணாமல் போன கொழுந்து

2020இல் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்குக் கொழுந்து நிறுவைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மடுவத்துத் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தராசில் விழும் கிலோ, எடுத்தவரின் செக்ரோல் நம்பரோடு (தொழிலாளர் பதிவேட்டு எண்) பதிவாகும். சம்பளத்துக்கு முந்தின நாள் கணக்கப்பிள்ளை கோல் எடுத்தார்: "தம்பி, ரெண்டு பேரோட கொழுந்து முழுக்கக் காணோம். அக்கா பக்கத்துலயே நிக்குது, நீங்களே பதில் சொல்லுங்க."

"மழையில நனைஞ்சு எடுத்த கொழுந்து தம்பி. தராசுல 22னு நானே பாத்தேன்" என்றார் அக்கா.

முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் வயரை, அப்புறம் (வெட்கமாகத்தான் இருக்கிறது) நிறுக்கிற பொடியனை. என் லெப்டொப்பிலோ எல்லாம் சரியாக ஓடியது. கடைசியில்தான் அந்த இரண்டு நம்பர்களையும் கேட்டேன். 256, 512. தூக்கிவாரிப்போட்டது.

நம்பரை 4 பைட்டில் (ஒரு பைட் 0 முதல் 255 வரை பிடிக்கும்), மதிப்பில் சின்ன பைட் முன்னால் வரும்படி வைத்திருந்தேன். 256இன் மடங்குகள் எல்லாம் சுழியத்தில் தொடங்கும். வெற்றுப் பதிவென்றால் நான்கும் சுழியம். அதைக் கண்டுபிடிக்க ஒரு குட்டி ஃபங்ஷன் (நிரல் துண்டு): நம்பரை நான்கு சுழியத்தோடு மெம்கம்ப்பால் (பைட்டுகளை ஒப்பிடும் சி மொழிக் கட்டளை, சமமென்றால் சுழியம் தரும்) ஒப்பிட்டு, அது தரும் விடையை அப்படியே திருப்பும். மெம்கம்ப் நான்கு பைட்டையும் பார்த்தாக வேண்டும். சுழியத்தைக் கண்டதும் நிற்பது, எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் ஸ்டிர்கம்ப்பின் பழக்கம். ஓ2 (நிரலை வேகமாக்கும் தெரிவு) போட்டுக் கட்டியபோது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி 10 இரண்டையும் குழப்பிக்கொண்டது. அது உண்டாக்கிய அசெம்பிளியைத் (இயந்திரக் கட்டளைகள்) திறந்தால் முதல் பைட்டை மட்டும் எடுத்துத் திருப்பியிருந்தது, அவ்வளவுதான். அது சுழியமென்பதால் 256உம் 512உம் வெற்றுப் பதிவாகிவிட்டன. லெப்டொப்பில் ஓ2 இல்லாமல் கட்டியதால் பிழை தெரியவில்லை.

ஜிசிசியின் பிழைப் பட்டியலில் இதற்கு 95189 என்று நம்பர். 2021இல் வந்த 10.3இல் திருத்திவிட்டார்கள். நான் அதுவரை, மெம்கம்ப்பைக் கம்பைலர் தன் வழியில் மாற்றாமல் தடுக்கும் நோ-பில்டின்-மெம்கம்ப் கொடியைப் (கம்பைலர் தெரிவு) போட்டுச் சமாளித்தேன். கணக்கப்பிள்ளையின் கொப்பியில் கிலோ எழுதியிருந்ததால் இருவர் சம்பளமும் தப்பியது. அடுத்த முறை போனபோது 512 அக்கா கேட்டார்: "எனக்கு வேற நம்பர் குடுக்க ஏலாதா தம்பி?"

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்:
உங்களுக்காவது உண்மையான கம்பைலர் பிழை. நான் சம்பளத் துண்டில் பெயருக்கு 20 பைட் ஒதுக்கினேன். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், இரண்டு குறி சேர்ந்த 'கொ' ஒன்றுக்கே 6. இருபதில் வெட்டினால் கடைசிக் குறி உடைந்து, பாதிப் பேருக்குப் பெயர் முடிவில் கேள்விக்குறி. இரண்டு நாள் கம்பைலரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அது சொன்னதைத்தான் செய்திருந்தது.