18 வயதாகப்போகும் இல்லப் பிள்ளைகளோடு எதிர்காலத் திட்டம் போடுவது எப்படி?

வைகைக்கரை செல்வி:
வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லித்தருகிறேன். நாலு பிள்ளைகள் பிளஸ் டூ. 18 முடிந்ததும் இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். ஆளுக்கொரு வாழ்க்கைத் திட்டம் எழுத உதவுங்கள் என்று வார்டன் கேட்டிருக்கிறார். "அஞ்சு வருஷத்துல என்னவா இருப்பே?" என்று தாள் கொடுத்தேன். ஒருத்தி கலெக்டர், ரெண்டு பேர் போலீஸ். நாலாவது பிள்ளை தாளை வெறுமனே திருப்பிக் கொடுத்தாள். தையல் அவளுக்கு அவ்வளவு அழகாக வரும், அதைக்கூட எழுதவில்லை. வற்புறுத்த மனசு வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தென்காசி ரவி:
நான் குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் இருந்தவன். முதலில் சட்டம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 46: இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்குப் பின்கவனிப்பு, அதாவது வெளியே போன பிறகும் தொடரும் ஆதரவு, உண்டு. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வழி இருக்கிறது. 18 முடியட்டும் என்று காத்திருக்காமல், இப்போதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒரு கோப்பு இல்லத்திலேயே இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். பல பிள்ளைகள் தங்கள் கோப்பைப் பார்த்ததே கிடையாது. இன்னொன்று: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவு இல்லாமல், அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் சேர்ந்த பிள்ளை தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவாள். சாதிச் சான்றிதழ் இல்லை என்று கல்லூரி விண்ணப்பத்தை விட்டுவிட வேண்டாம்.

ஓசூர் முருகன்:
செல்வி அக்கா, நான் இல்லத்தில் வளர்ந்தவன். ஐடிஐ டர்னர் முடித்து இப்போ ஓசூரில் சிஎன்சி ஆபரேட்டர். அந்தத் தங்கச்சி ஏன் எழுதலைன்னு எனக்குப் புரியுது. அஞ்சு வருஷம் எங்களுக்கு ரொம்பத் தூரம். ஜூன் மாசம் எங்கே படுப்போம்னு தெரியாத பிள்ளைகிட்ட அஞ்சு வருஷத்தைக் கேட்டா என்ன எழுதும்? பக்கத்துல இருக்கிறதைக் கேளுங்க.

தீபாவளிக்கு எங்கே போவே? இதைத்தான் நான் முதல்ல கேட்பேன். ஹாஸ்டல்ல மெஸ்ஸை மூடிடுவாங்க, எல்லாரும் பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கிளம்புவாங்க. அந்த நாலு நாள் எங்கே சாப்பிடறது, யார் கூட இருக்கிறது? படிப்பை விட்டுட்டு வந்த என் கூட்டாளிகள் பல பேர் பாடம் புரியாம வரலை, அப்படி ஒரு லீவுல தனியாக் கிடந்துதான் மனசு உடைஞ்சு போனாங்க. அதனால திட்டத்துல அந்த வீட்டோட பேரை எழுதணும். இல்லத்துல வேலை பார்த்த அக்காவா இருக்கலாம், டீச்சரா இருக்கலாம். அவங்ககிட்ட முன்னாடியே பேசி, "வா"ன்னு அவங்க வாயால சொல்ல வைக்கணும்.

அப்புறம் செல்போன் நம்பர். எங்க எல்லார் ஆதார்லயும் வார்டன் நம்பர்தான் இருந்துச்சு. வெளியே வந்தப்புறம் எதுக்கு விண்ணப்பிச்சாலும் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் மாறிப்போனா தீர்ந்துச்சு. சொந்த சிம், ஆதார்ல அந்த நம்பர், பேங்க் கணக்கை மைனர்லேர்ந்து மேஜர் ஆக்குறது, இதையெல்லாம் 18 முடிஞ்ச உடனே, இல்லத்தை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே கூடப் போய் முடிச்சுக் கொடுங்க. ஃபார்மை அவளே நிரப்பட்டும், நீங்க பக்கத்துல நின்னா போதும்.

வாடகைக்கு ரூம் கேட்டா "அப்பா என்ன பண்றார், சொந்த ஊர் எது?"ன்னு கேட்பாங்க. என்ன சொல்லணும்னு அவளே முடிவு பண்ணி, உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். பொய் சொல்லச் சொல்லாதீங்க, முழுக்கதையையும் சொல்லணும்னும் இல்லை.

போலீஸ்னு எழுதினவங்களைச் சின்னப்பிள்ளை ஆசைன்னு விட்டுடாதீங்க. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயசும் போதும். பொண்ணுங்களுக்குப் பொதுவா 159 செ.மீ. உயரம் கேட்பாங்க, எஸ்சி, எஸ்டின்னா 157. இந்த ஞாயித்துக்கிழமையே அளந்து பாருங்க. உயரம் இருந்தா, மறுநாள் காலையிலேயே தேர்வுல வர்ற 400 மீட்டர் ஓட்டத்தை ஓட ஆரம்பிக்கட்டும். கலெக்டர்னு எழுதின தங்கச்சிக்குப் பட்டமும் 21 வயசும் வேணும், அதனால அவ திட்டத்துல முதல் வரி கல்லூரி அட்மிஷன். அரசுப் பள்ளியில ஆறாம் வகுப்புலேர்ந்து படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். ஐடிஐ, டிப்ளமோவுக்கும் உண்டு.

வைகைக்கரை செல்வி:
முருகன் தம்பி, ரொம்ப நன்றி. ரவி சார், உங்களுக்கும். தாளை எழுதாத பிள்ளையிடம் பேசினேன். அவள் மாமா வந்து, பதினெட்டு முடிஞ்சதும் கூட்டிட்டுப்போய்க் கல்யாணம் பண்ணி வைக்கிறேன் என்றாராம். சொந்தம் விட்டுப்போகுமே என்று இவள் வாயைத் திறக்கவில்லை. தையல் படிக்க ஆசைதான்.

தென்காசி ரவி:
அவளுக்கு 18 முடிவதற்கு முன்பே குழந்தைகள் நலக் குழு (இல்லப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) முன்னால் அவளே தன் விருப்பத்தைச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். குழு அவளை நேரில் கேட்கும். பின்கவனிப்பு வேண்டும் என்ற மனுவையும் அப்போதே வைக்கலாம். மாமா மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. 18க்குப் பிறகு என்றால் பெண்கள் உதவி எண் 181.

ஓசூர் முருகன்:
மாமாவை வெட்டிவிடச் சொல்லாதீங்க அக்கா. எங்களுக்கு இருக்கிற ஒரே சொந்தம் சில சமயம் அப்படிப்பட்ட ஆள்தான். பொங்கலுக்குப் போய்ப் பார்த்துட்டு வரட்டும். ஆனா ஐடிஐயில தையல் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டு, ஹாஸ்டல் இடம் கையில வந்தப்புறம் அவர்கிட்ட பேசட்டும். பேசும்போது வார்டனோ நீங்களோ கூட இருங்க. "எனக்கு இடம் கிடைச்சிருக்கு மாமா, முடிச்சுட்டு வர்றேன்"னு சொல்ற பிள்ளைகிட்ட அவரால சுலபமா மறுத்துப் பேச முடியாது. கட்டணம், மெஷின்னு ஏதாவது இடிச்சா எனக்குத் தனிச்செய்தி போடுங்க. எங்க இல்லத்துப் பசங்க நாங்க ஒரு குழுவா மாசாமாசம் பணம் சேர்த்து வைக்கிறோம்.