ஈயப் பட்டையில் வண்ணக் கண்ணாடி கோர்க்கப் பழகிய அனுபவம்

கண்ணாடி வெட்ட வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்போடுதான் பலரும் இதைக் கற்க வருகிறார்கள். வெட்டுவது சீக்கிரமே கைக்கு வந்துவிடும். ஒரே சீரான அழுத்தம், போட்ட கீறலில் மறுபடி கட்டரை ஓட்டாமல் இருப்பது, அவ்வளவுதான். பொறுமையைச் சோதிப்பது கோர்க்கும் வேலை.

ஈயப் பட்டையில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு தண்டு. கண்ணாடித் துண்டுகள் அந்தத் தண்டில் முட்டி நிற்கும். அதனால் வரைபடத்தின் கோடும் அதே தடிமனில் இருக்க வேண்டும்; துண்டுகளைக் கோட்டுக்கு உள்ளேயே வெட்ட வேண்டும். துண்டுக்கு அரை மில்லிமீட்டர் கூடினால் போதும், 10 துண்டு உள்ள வரிசை 5 மி.மீ. நீண்டுவிடும். அப்புறம் சட்டத்துக்குள் போகாது. எனக்குக் கற்றுத்தந்தவர் ஒவ்வொரு துண்டை வைத்ததும் குனிந்து, விளிம்பை ஒட்டிக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். மறைந்திருந்தால் எடுத்துத் தேய்க்கச் சொல்வார். தெரிந்த பிறகுதான் லாட ஆணி அடித்து நிறுத்த விடுவார். அந்தக் கண்டிப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

பட்டைகள் சந்திக்கும் மூட்டுகளை உலோகம் உருக்கி ஒட்டும் சால்டரிங்கில் பயம் வருவது நியாயம்தான். 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம் கலந்தது) சுமார் 190 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயம் 327-இல் உருகும். சூடு மிஞ்சினாலோ, சால்டரிங் கருவியின் முனையை அதிக நேரம் வைத்தாலோ பட்டையே ஓட்டையாகிவிடும். மூட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பூச்சு) தடவி, தொட்டதும் எடுத்துவிட வேண்டும்.

சால்டர் முடிந்த பலகத்தை லேசாகத் தட்டினால் கடகடவென்று ஆடும். சீமைச் சுண்ணாம்புத் தூள், லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய், கொஞ்சம் கரி சேர்த்துப் பிசைந்த சிமெண்டைப் பிரஷ்ஷால் பட்டைக்கு அடியில் திணிக்கும்போதுதான் அது ஒரே பலகையாக இறுகும், மழைநீரும் உள்ளே புகாது. எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். மேலே சீமைச் சுண்ணாம்புத் தூள் தூவித் தேய்க்கத் தேய்க்க ஈயம் கறுத்து, கண்ணாடி தெளிந்து வரும். பட்டை ஓரத்தில் பிதுங்கியதை மறுநாள் மரக்குச்சியால் கீறி எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்தால் வராது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஈயம் விஷம். வேலை மேசையில் சாப்பிடவே கூடாது. தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சால்டர் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தைகளைத் தொட வேண்டும்.