கடைவாய்ப்பல் காட்டிக்கொடுத்தது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல 17 வருஷமா ஒரு கமிஷன் கடையில கணக்கு பார்க்கிறேன். ராத்திரி 2 மணிக்கு எந்திரிப்பேன். முகூர்த்த சீசன்னா கேக்கவே வேணாம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லிகை மூட்டை மூட்டையா இறங்கும்; வெயில் ஏறுறதுக்குள்ள எல்லாம் கைமாறணும். மொட்டு வாடிட்டா விலை போச்சு. நெஞ்சு படபடங்கும், உள்ளங்கை வேர்க்கும், பசியே தெரியாது. கணக்கை முடிச்சு ரெண்டு இட்லியைப் பிட்டு வாயில போட்டா எல்லாம் அடங்கிரும். மத்தியானம் அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும். இதைத்தான் டென்ஷன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன். இது என்னை ஒண்ணும் பண்ணல.

பண்ணது வேற. பங்காளி ஒருத்தனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன், அவன் ஊரைவிட்டுப் போயிட்டான். கடன் கொடுத்தவங்க எனக்குப் போன் போட ஆரம்பிச்சாங்க. தினமும் வராது. என்னைக்கு வரும்னு தெரியாது, அதுதான் கொடுமை. சட்டைப் பையில போன் அதிர்ந்தா வயித்துல ஒரு பிடி பிடிக்கும். வராத நாள்லயும் அதிர்ற மாதிரியே இருக்கும். வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடல. இப்படியே எட்டு மாசம்.

முதல்ல தாடையிலதான் தெரிஞ்சது. காலையில வாயைத் திறக்க முடியாது, காதுக்கு முன்னால வலி. காது வலின்னு நெனச்சு சொட்டு மருந்து விட்டேன். ஒரு நாள் பொரிகடலை மெல்லும்போது கடைவாய்ப்பல் ஓரத்துல ஒரு சில்லு பேர்ந்து நாக்குல வந்து நின்னுச்சு. பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ள விட்டுப் பார்த்தார். "மேடு பள்ளமே இல்லாம தேஞ்சிருக்கே, தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா? மனசுல என்னங்க பாரம்?"ன்னு கேட்டார். அந்த நாற்காலியில சாஞ்சபடியே அழுதுட்டேன். பிரஷர் பார்த்தா 160/100.

*பணி ஓய்வு பெற்ற செவிலியர், கோரிப்பாளையம்:*
தம்பி, சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிதான் ரெண்டுலயும் வேலை செய்யுது. மார்க்கெட் அவசரத்துல அது சுரக்கிற அட்ரினலின்ங்கிற ஹார்மோன் பாயும்; ரத்தம் குடலைவிட்டு கைகால் தசைக்குப் போகும். அதான் உங்களுக்குப் பசி தெரியல. வேலை முடிஞ்சா தணிஞ்சிரும். பயம் மாசக்கணக்கா நீடிச்சா அதே சுரப்பியோட இன்னொரு ஹார்மோன், கார்டிசால், அடங்காது. தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். 1936ல ஹான்ஸ் செல்யேங்கிற ஆராய்ச்சியாளர் எலிகளைக் கடுங்குளிர்லயும் மிதமிஞ்சின ஓட்டத்துலயும் வச்சுப் பார்த்தார். தொல்லை எதுவானாலும் அட்ரினல் வீங்கி, இரைப்பையில புண் வந்திருந்தது. நீங்க சர்க்கரை பார்த்தீங்களா? இன்னொண்ணு, நெஞ்சு வலிச்சா மட்டும் 'கவலைதான்'னு நீங்களா முடிவு கட்டாம உடனே போய் ஈசிஜி எடுத்திருங்க.

*செல்லூர்ல இருந்து:*
எங்க மாமியார் பக்கவாதத்துல விழுந்து நாலு மாசம் படுக்கையில இருந்தாங்க. திருப்பிப் போட, துடைக்க, ஊட்டன்னு அந்த நாலு மாசமும் எனக்கு ஒரு தலைவலிகூட வரல. அவங்க எந்திரிச்சு நடந்து மூணாவது மாசம், தலை சீவினா சீப்பு முழுக்க முடி. பெரிய அதிர்ச்சி வந்தா முடி வளர்றதை நிறுத்திட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் கொட்டும்னு தோல் டாக்டர் சொன்னாங்க. அப்புறம் தானா வளர்ந்திருச்சு. ஆனா அந்த மூணு மாசம் நான் கண்ணாடியே பார்க்கலண்ணே.

*கணக்குப்பிள்ளை:*
அக்கா, தங்கச்சி, ரெண்டு பேருக்கும் நன்றி. பல் டாக்டர்கிட்ட போன அன்னைக்கு ராத்திரியே வீட்ல பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். திட்டுவான்னு நெனச்சேன். "பேப்பரை எல்லாம் எடுத்துட்டு வாங்க"ன்னு தரையில பரப்பி, தேதி வாரியா அடுக்கினா. இப்ப மாசத் தவணை கட்டுறோம், அந்தப் போனையும் அவளே எடுத்துப் பேசுறா. ராத்திரிக்குப் பல்லுக்கு உறை மாட்டுறேன், பிரஷர் மாத்திரை ஓடுது. சர்க்கரை இன்னும் பார்க்கல அக்கா. திங்கக்கிழமை மார்க்கெட் முடிஞ்சதும் சாப்பிடாம நேரா லேபுக்குப் போறேன்.