மோரிஸ் மைனர் 948 சிசி: மேட்டில் தட்டுது, டைமிங் எப்படி வைக்கிறது?

ஜெலுத்தோங்காரன்:
என் பழைய மைனர் காரில் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள தீப்பொறியை விடுற சுவிட்ச்) புதுசு மாத்தியதிலிருந்து, பினாங்கு பாலிக் பூலாவ் மேடு ஏறும்போது எஞ்சின் கணகணன்னு தட்டுது. டைமிங் (தீப்பொறி விழுற நேரம்) பார்க்கிற லைட் இல்லை. பல்பு வச்சே பண்ணலாமா அண்ணே?

பழைய மைனர்:
தாராளமா. முதல்ல பாயிண்ட் இடைவெளியைப் பாருங்க தம்பி: 0.38 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் கேமோட மேடு பாயிண்டை முழுசா திறந்து நிற்கும்போது. அது கூடினாலே பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முன்னேறிடும். உங்க தட்டலுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

பிளக் எல்லாம் கழட்டி, எஞ்சினை ஓடுற திசையிலேயே கையால் சுத்துங்க. 4-ஆவது சிலிண்டர் வால்வு ரெண்டும் ஆடுற (ஒண்ணு மூடி இன்னொண்ணு திறக்கிற) இடத்தில் 1-ஆவது பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சிக்கு வரும். கொஞ்சம் பின்னாடி போய் மறுபடி முன்னே வந்து, புல்லி வெட்டை மேனுவல் சொல்ற டிகிரிக்கு நிறுத்துங்க. புல்லி பக்கத்தில் இருக்கிற பற்களில் நீளமானது உச்சி, மத்த ரெண்டும் உச்சிக்கு முன்னாடி 5, 10 டிகிரி.

12 வோல்ட் பல்பின் ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன வயர் முனையில், இன்னொண்ணு எஞ்சின் பாடியில். கீ போட்டு, கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை இடஞ்சுழியா திருப்பினா பல்பு அணையும். இனி வலஞ்சுழியா மயிரிழை மயிரிழையா. எரியும் அந்த நொடிதான் டைமிங்.

சுங்கை நிபோங்:
கிளாம்பை இறுக்கும்போது நகரும், மறுபடி பாருங்க. ரொம்ப இறுக்கினா கிளாம்பே வளைஞ்சிடும். கீயைப் போட்டே விட்டுடாதீங்க, இக்னிஷன் காயில் சூடாகிடும். பாசிட்டிவ் எர்த் (பேட்டரி பிளஸ் பாடியில் சேர்ந்த) வண்டின்னாலும் பல்புக்குக் கவலையில்லை. பற்கள் கீழ்ப்பக்கம் இருக்கும், சின்னக் கண்ணாடி வேணும்.

அப்புறமும் தட்டினா வலஞ்சுழியா திருப்பாதீங்க, அது இன்னும் முன்னேத்தும். ஒரு டேங்க் 97 ஆக்டேன் பெட்ரோல் ஊத்திப் பாருங்க.