கியூஓஎஸ் (நெட்வொர்க்கில் முக்கியமானதற்கு முன்னுரிமை) போட்டும் ஐபி போனில் குரல் உடைகிறதா?

கடலூர், மஞ்சக்குப்பம்

முதுநகர்ப் பக்கம் ஒரு குடோன். தலைமை அலுவலகம் புதுச்சேரியில். நடுவே 30 எம்பிபிஎஸ் லைன். சாயங்காலம் சிசிடிவி பேக்கப் புதுச்சேரிக்கு ஓட ஆரம்பித்தால், குடோனிலிருந்து பேசுகிற குரல் அங்கே விட்டுவிட்டுத்தான் கேட்கும். லோடு பதினாறா பதினொன்றா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். லைனைக் கூட்டச் சொன்னார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ்தான். பத்துப் பேர் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ் ஆகாது.

ஸ்விட்ச் சிஸ்கோ 2960. கியூஓஎஸை இயக்கும் 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' கட்டளை ஏற்கெனவே போட்டிருந்தது. அப்லிங்கை (ரூட்டருக்குப் போகும் போர்ட்) மிரர் செய்து, அதாவது அதில் போவதை நகலெடுத்து, வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பார்த்தேன். போன் தன் பாக்கெட்டுகளை டிஎஸ்சிபி 46 (குரலுக்கான முன்னுரிமைக் குறி) என்று குறித்து அனுப்புகிறது. ஸ்விட்சைத் தாண்டினால் 0. அந்த மாடலில் இந்தக் கட்டளை மட்டும் இருந்தால் எந்த போர்ட்டையும் நம்பாது, வருகிற குறியை 0 ஆக்கிவிடும். போன் போர்ட்டுகளில் 'டிரஸ்ட் டிஎஸ்சிபி' (வருகிற குறியை நம்பு), அப்லிங்கில் பிரையாரிட்டி க்யூ (முதலில் அனுப்பப்படும் வரிசை) கொடுத்தேன். இப்போது 46 அப்படியே போகிறது. ஆனாலும் பேக்கப் நேரத்தில் குரல் உடைவது நிற்கவில்லை. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

புதுச்சேரி, லாஸ்பேட்டை

எங்களுக்கும் வந்தது. ரூட்டருக்குப் போகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால், ஸ்விட்சுக்கு அடைப்பே தெரியாது. க்யூ நிரம்பினால்தானே முன்னுரிமைக்கு வேலை? 30-ஐத் தாண்டுவதை சர்வீஸ் புரொவைடர் தன் பக்கம் வெட்டிவிடுகிறார். அங்கே போனும் கேமராவும் ஒன்றுதான். இந்திரா காந்தி சிலை சந்திப்பில் நெரிசல் என்றால், ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் ஆளைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தி என்ன பயன்?

அந்த போர்ட்டில் 'எஸ்ஆர்ஆர்-க்யூ பேண்ட்வித் லிமிட் 25' போடுங்கள். போர்ட் வேகத்தில் 25 சதவீதம்தான் வெளியே போகும், அதாவது சுமார் 25 எம்பிபிஎஸ். வரிசை உங்கள் ஸ்விட்சிலேயே நிற்கும், போன் முந்திக்கொள்ளும். அப்புறம், கேமராவையும் பிரையாரிட்டி க்யூவில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த க்யூ காலியாகும்வரை மற்றதெல்லாம் காத்துக்கிடக்கும். எதிர்த் திசைக்குப் புதுச்சேரி முனையிலும் இதையே செய்ய வேண்டும்.

கடலூர், மஞ்சக்குப்பம்

போட்டாயிற்று, ரொம்ப நன்றி. பேக்கப் ஓடும்போதே பேசிப் பார்த்தோம், குரல் சுத்தமாக இருக்கிறது. பேக்கப் முடியக் கொஞ்சம் கூடுதல் நேரமாகிறது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. புதுச்சேரியில் இருப்பது வேறு மாடல், இந்தக் கட்டளை அதில் இல்லை. அங்கே ரூட்டரில் ஷேப்பிங் (அனுப்பும் வேகத்தை வரம்புக்குள் வைப்பது) போடப்போகிறேன்.